கொக்குகளின் இடது முழங்கால்

அத்தியாயம் 11

“ஒரு சமுதாயம் தன் தலைவனிடம் எதை எதிர்பார்க்கிறதோ, அதுதான் அந்தச் சமுதாயத்தின் உயரம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்ட மக்களை வரலாறு மன்னித்ததில்லை.”

இந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் தட்டி முடித்தபோது பசீர் அகமது வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்திருந்தார். நோன்புக்காக விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்குப் போன் வரக்கூடாது என்பது மனைவி மெஹர் நிஷாவின் சட்டம். அதனால் வரலாற்றை அவர் துணி துவைக்கும் அறையில் வைத்துத்தான் கவனிக்க வேண்டியிருந்தது.

தலைவன் என்று அவர் குறிப்பிட்டது, ஓய்ஸ்டர் க்ரீக் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் கூடைப்பந்து கோச் ரான்டல் ப்ரீவெட்டை. சமுதாயம் என்பது, அந்த அணியின் ரசிகர்கள் கூடிக் கோச்சைத் திட்டும் இணையதளம். அணியின் பெயர் எக்ரெட்ஸ். எக்ரெட் என்றால் கொக்கு. ஆகவே சுகர் லேண்ட் நகரத்துத் தமிழ் ரசிகர்கள் தங்கள் வாட்ஸப் குழுவுக்குக் கொக்குப் படை என்று பெயர் சூட்டியிருந்தார்கள். படையின் பலம் மூன்று பேர்.

பசீர் அகமதுக்கு ஐம்பத்தெட்டு வயது. எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனியில் சீனியர் என்ஜினியர். வாழ்க்கையில் ஒரு தடவையும் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. அவர் படித்த என்ஜினியரிங் காலேஜில் கூடைப்பந்து மைதானம் ஒன்று இருந்தது. அதில் மெஸ்காரர்கள் வடகம் காயப்போடுவார்கள். ஆனால் அந்த இணையதளத்தில் ‘வைஸ் எக்ரெட்’ என்ற பெயரில் எழுதும்போது அவர் வேறு ஆள். ஞானக் கொக்கு. அந்தக் கொக்கு தான்தான் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இந்த வீட்டுக்கு நோன்பு திறக்க வந்த இப்ராஹிமாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செனகல் நாட்டு இளைஞன். ஆறடி பதினோரு அங்குலம். எக்ரெட்ஸ் அணியின் நடு ஆட்டக்காரன். ஹாஸ்டல் அறையில் மைக்ரோவேவ் முன்னால் நின்று தனியாக நோன்பு திறக்கிறான் என்று மகள் ரிதாதான் அழைத்து வந்தாள். மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தான். ஒவ்வொரு நிலைப்படியிலும் தலையைக் குனிந்தான். அந்திநேர மக்ரிப் தொழுகைக்கு எல்லோரும் நின்றபோது, மெஹர் நிஷாவிடம் மெதுவாக ஒரு நாற்காலி கேட்டான்.

முன்னால் நின்று தொழ வைத்த பசீர் அகமது, சலாம் கொடுத்துத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, இடது காலை நேரே நீட்டி, இப்ராஹிமா தொழுகையை முடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் மடங்காதவர்கள் அப்படித்தான் தொழுவார்கள். எந்தப் பள்ளிவாசலிலும் கடைசி வரிசையில் இப்படி நாலு பெரியவர்கள் இருப்பார்கள். அதைப் பார்த்தால் அவர்களுக்காக இறைவனிடம் ஒரு துஆ செய்துவிட்டு நகர்வது முறை.

பசீர் அகமது துஆவும் செய்தார். பார்த்ததை மனசில் குறித்தும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, ‘டங்க் டாடி’ என்ற பெயரில் எழுதும் ஒருவன், வைஸ் எக்ரெட்டுக்கு அணியின் உள் விஷயம் ஒன்றும் தெரியாது, சும்மா தத்துவம் பேசுகிற ஆள் என்று எழுதியிருந்தான். பசீர் அகமதுக்குப் பொறுக்கவில்லை. எழுதினார்.

‘நம் உயரக்காரனின் இடது முழங்கால் மடங்கவில்லை. நாற்காலி இல்லாமல் அவனால் தரைப்பக்கம் போக முடியாது. என் கண்ணால் பார்த்தேன். இதை மறைத்து வெள்ளிக்கிழமை அவனை ஆடவிடப்போகும் கோச்சை என்னவென்று சொல்வது?’

அன்று மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். இத்தனை வருடம் அவர் எழுதிய தத்துவம் அத்தனைக்கும் சேர்த்து அவ்வளவு வந்ததில்லை.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த வட்டாரத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் மோதும் டோர்னமென்ட் தொடங்குகிறது. அதில் ஜெயித்தால் மார்ச் மாதத்தின் தேசியப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் கோச் ப்ரீவெட் வீட்டுக்குப் போகலாம். வாஷிங் மெஷினிலிருந்து இறங்கிய பசீர் அகமது, தண்ணீர் குடித்து, நோன்புக்கு நிய்யத் வைத்து, தொழுதுவிட்டு, மனநிறைவுடன் காரை எடுத்தார்.

*

காலை ஏழேகாலுக்கு சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயில் கார்கள் நகர்வதில்லை. அதுதான் கொக்குப் படையின் ஆலோசனை நேரம். மூன்று கார்களில் மூன்று பேர், ஒரே கான்ஃபரன்ஸ் கால்.

செல்வராஜ் ஈரோட்டுக்காரர், ஐ.டி. மேனேஜர். கோச்சை உடனே அனுப்ப வேண்டும் என்ற கட்சி. மகாதேவன் ஒரு ஆஸ்பத்திரியில் புள்ளிவிவரம் பார்ப்பவர். எக்செலில் போடாமல் தும்மக்கூட மாட்டார். கோச் இருக்கட்டும் என்பது அவர் கட்சி.

மகாதேவன் வழக்கம்போல ஆரம்பித்தார். ஐயாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம், அதில் இரண்டாயிரம் சீட் எப்போதும் காலி. நாற்பது வருடத்தில் தேசியப் போட்டிக்குப் போனது மூன்று தடவை. இப்படிப்பட்ட கல்லூரிக்கு வருடத்துக்குப் பதினெட்டு வெற்றி என்பதே ப்ரீவெட்டின் சாதனை. இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

செல்வராஜ் விடவில்லை. புதிதாகப் பிராக்டிஸ் ஹால் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் நீராவிக் குளியல் அறை வேறு இருக்கிறது என்றார்.

“ஆவி புடிச்சா பந்து உள்ள போயிருமா?” என்றார் மகாதேவன்.

“அதில்லீங்க மகாதேவன். இந்தக் கோச் வந்து ஆறு வருஷம் ஆச்சு. நம்ம ஆபீஸ்ல ஆறு குவார்ட்டர் இப்படி ஓட்டுனா உட்டுவெப்பாங்களா?”

பசீர் அகமது இருவருக்கும் நடுவில் நிற்பவரைப்போலத் தொண்டையைச் செருமி, விஷயம் வெற்றி தோல்வி அல்ல, அக்கவுண்டபிலிட்டி என்றார். பொறுப்பேற்பவன்தான் தலைவன் என்றார். பியூமாண்ட் பக்கம் அவர் பொறுப்பில் இருந்த குழாய் வேலை பதினான்கு மாதம் தாமதம். அதற்கு அவர் போன வாரம் கொடுத்த அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘மழை’ என்று எழுதியிருந்தது. அது வேறு விஷயம்.

“அதை விடுங்க பாய். வைஸ் எக்ரெட் போட்டதைப் பாத்தீங்கல்ல?” என்றார் செல்வராஜ்.

“ம்... பாத்தேன் பாத்தேன்.”

“அந்த ஆளு ஒரு ரிட்டயர்டு கோச்,” என்றார் மகாதேவன். “வெள்ளக்காரன்தான். எழுதுறதப் பாத்தாலே தெரியுது. நான் பெட் கட்டுறேன்.”

மற்ற நாளாக இருந்தால் இந்த வார்த்தைகள் பசீர் அகமதுக்கு மாலை வரை பசியே தெரியாமல் செய்திருக்கும். ஆனால் செல்வராஜ் தொடர்ந்து பேசினார். அவருடைய மகள் ஓவியா அந்த யுனிவர்சிட்டியில் மாணவர் பத்திரிகையில் எழுதுகிறாள். அவள் சொன்ன செய்தி அது. அந்தப் பதிவு வந்த ஒரு மணி நேரத்தில் வெளி மாநிலப் பந்தயக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் சூதாட்டக் கணக்கை மாற்றிவிட்டார்கள். ஆட்டக்காரனின் காயத்தைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது விதி. விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் இன்று ஸ்டாஃப் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறது.

“சொன்னது யாருன்னு தெரிஞ்சா வேலை காலிங்க. இங்க மட்டுமில்ல. எந்தக் காலேஜ்லயும் அப்புறம் கிட்ட சேக்க மாட்டாங்க,” என்றார் செல்வராஜ். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, “நம்ம ரிதா அந்த ஸ்டாஃப்லதான பாய் இருக்கா?”

பசீர் அகமது தன் எக்ஸிட்டைத் தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார்.

*

ரிதாவுக்கு இருபத்து நான்கு வயது. எக்ரெட்ஸ் அணியின் வீடியோ கோஆர்டினேட்டர். எதிரணிகளின் ஆட்டங்களைப் பார்த்து, வேண்டிய துண்டுகளை வெட்டி, கோச்சின் மேஜைக்கு அனுப்பும் வேலை. படிக்கும்போதே இரண்டு வருடம் சும்மா செய்து, பிறகு கிடைத்த வேலை. அவளுடைய மேஜை துவாலைகள் அடுக்கும் அறைக்கு வெளியே இருந்தது. அவளுக்கு அதில் குறை இல்லை. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு கல்லூரி அணிக்குக் கோச்சாக வேண்டும் என்பது அவள் கணக்கு.

ப்ரீவெட்டை அனுப்பினால் அவருடன் ஸ்டாஃப் பத்துப் பேரும் பெட்டி கட்ட வேண்டும். புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டி வருவார். இதை அவள் வாப்பாவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் அவர் தலையாட்டினார். மற்ற ஒன்பது பேரைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு கம்ப்ளையன்ஸ் அதிகாரி மிஸ் டால்டன் அவளைக் கூப்பிட்டார். நரைத்த முடி, சாந்தமான குரல், முன்னால் மஞ்சள் நோட்டு. இப்ராஹிமாவின் முழங்கால் சனிக்கிழமை வீங்கியதைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். ரிதா இல்லை என்றாள். அது உண்மை. உம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சிநேகிதர்களிடம், குடும்பத்தில், சமூக வலைதளத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை.

பிறகு மிஸ் டால்டன் அந்தப் பதிவை வாசித்துக் காட்டினார். ரிதா அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, முழுதாகப் படித்திருக்கவில்லை. எதிரணியின் பதினோரு மணி நேர வீடியோவுடன் உட்கார்ந்திருந்தவளுக்கு ரசிகர்களின் புலம்பலைப் படிக்க நேரமில்லை.

“நாற்காலி இல்லாமல் அவனால் தரைப்பக்கம் போக முடியாது,” என்ற இடத்தில் ரிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் அறையில் இப்ராஹிமா மேஜையில்தான் படுப்பான். பிராக்டிஸில் பெஞ்சில் உட்காருவான். அவன் தரைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்த இடம், அவளுக்குத் தெரிந்து, ஒன்றே ஒன்று.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை மிஸ் டால்டன் நோட்டில் எழுதிக்கொண்டார். சனிக்கிழமையிலிருந்து இப்ராஹிமாவை வெளியே எங்கே, யார் யாருடன் பார்த்தாய் என்று ஒரு பட்டியல் வேண்டும், இன்று மாலை ஐந்து மணிக்குள், என்றார்.

இப்ராஹிமா ஐஸ் மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு உபகரண அறையில் இருந்தான். அவனையும் கேட்டார்களாம். வெள்ளிக்கிழமை எதிரணியின் மாணவர்கள் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து, அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் தூக்கிக் காட்டப் போகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவர்களிடம் நீ என்ன சொன்னாய் என்று ரிதா கேட்டாள்.

எங்கே உட்கார்ந்தேன் என்று ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றான். உன் அம்மாவின் கஞ்சி நன்றாக இருந்தது என்றான்.

ரிதா வெளியே வந்து வாசல் படியில் நின்றாள். நோன்பு வைத்திருக்கும் ஒருவனை நோன்போடு பொய் சொல்ல வைத்தாகிவிட்டது. அவனுக்கு அவர்கள் வீட்டில் கொடுத்தது மூன்று கிண்ணம் கஞ்சி.

உம்மாவுக்குப் போன் போட்டாள்.

“உம்மா, கேன் ஐ ஆஸ்க் யூ சம்திங். வாப்பா ஆன்லைன்ல என்ன நேம்ல எழுதுறாரு?”

மறுமுனையில் மருந்துக்கடை பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. மெஹர் நிஷா ஒரு ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். தப்பான மருந்தை யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லாதவள்.

“எதுக்குடி கேக்கறே?”

“ஜஸ்ட் டெல் மீ.”

“ஞானக் கொக்கு,” என்றாள் மெஹர் நிஷா. இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். போடுவதற்கு முன்னால் வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். துணி துவைக்கும் அறையின் சுவர் மெல்லிய அட்டைச் சுவர்.

*

மதியம் மூன்று மணிக்கும் பசீர் அகமது ஆபீஸ் கார் பார்க்கிங்கில், காருக்குள்ளேயே இருந்தார். பதிவை அழிக்க முயன்றார். இருபத்து நான்கு மணி நேரம் தாண்டிய பதிவை அழிக்க முடியாது என்று இணையதளம் பணிவாகத் தெரிவித்தது. ரசிகர்கள் தங்கள் தீர்க்கதரிசனங்களைத் தோல்விக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள் என்பதற்காக வைத்த விதி. அதைக் கொண்டுவர வேண்டும் என்று போராடியவர்களில் வைஸ் எக்ரெட் முக்கியமானவர்.

அடுத்து, ‘என் கருத்து ஓர் ஊகமே, ஆட்டக்காரனின் நடையை டி.வி.யில் ஆராய்ந்து பெறப்பட்டது’ என்று புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மெஹர் நிஷாவின் கார் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“போனைக் குடுங்க.”

“மெஹர், நான் ரிதா பேரை எழுதல. அந்தப் பையன் பேரைக்கூட எழுதல.”

“நாற்காலியை எழுதுனீங்க.”

“அது ஒரு அனலிசிஸ்.”

“நான் எடுத்துக் குடுத்த நாற்காலிங்க அது. நம்ம வீட்டு விருந்தாளி தொழுததை ஊர்ல கொண்டு போய் அனலிசிஸ் பண்ணுவீங்களா?”

பசீர் அகமது ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிதாவுக்கு ஒன்றும் ஆகாது, அவள் ஒன்றும் சொல்லவில்லையே, உண்மை தானாக வெளிவரும் என்றார். உண்மை தானாக வெளிவராது, சாயங்காலம் அஞ்சு மணிக்குள் ரிதா ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள் மெஹர் நிஷா. எழுதினால் வாப்பாவைக் காட்டிக்கொடுத்தவள். எழுதாவிட்டால் மறைத்தவள். மறைத்தால் வேலை போகும். இப்ராஹிமா அவளுக்காக ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டான்.

“அந்தப் பையன் சொன்னானா? நோன்போடவா?”

“நோன்போடதான்.”

அவர் மனசில் ஓடியதை அப்படியே சொல்வதென்றால், முதலில் மகளின் வேலை ஓடியது. இரண்டாவதாக, வைஸ் எக்ரெட் ஒரு ரிட்டயர்டு கோச் என்று பெட் கட்டத் தயாராக இருந்த மகாதேவனின் குரல் ஓடியது. இரண்டாவது அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு அவரே வெட்கப்பட்டார்.

“செல்வராஜ்கிட்ட எல்லாம் சொல்லணுமா?”

“மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. ஊருக்குச் சொல்றத அப்புறம் பாப்போம். கிளம்புங்க.”

*

சொற்பொழிவு ஆற்றுவதற்காகக் காரிலேயே எப்போதும் வைத்திருக்கும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, மாலை நாலேகாலுக்கு அவர் பிராக்டிஸ் ஹால் கட்டடத்துக்குள் நுழைந்தார். வழியெல்லாம் ஒரு வாக்குமூலத்தைத் தயாரித்திருந்தார். அதற்கு மூன்று பகுதிகள் இருந்தன.

தாழ்வாரத்தில் எதிரே வந்தவர் கோச் ப்ரீவெட்.

டி.வி.யில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். மூக்குக்கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யாரென்று தெரிந்ததும் இரண்டு கையாலும் பசீர் அகமதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்ராஹிமாவைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டதற்கு நன்றி சொன்னார். அவன் வீட்டு ஏக்கத்தில் இருந்தான், அன்று வந்தபிறகுதான் தூங்கினான் என்றார். இரண்டு ஆட்டங்களை ஜெயித்தது ரிதா வெட்டிக் கொடுத்த வீடியோவால்தான் என்றார்.

பிறகு, இந்தக் காயச் செய்திக் கலாட்டாவுக்கு மன்னிக்க வேண்டும் என்று அவரே மன்னிப்புக் கேட்டார். அந்த இணையதளத்தைத் தான் படிப்பதில்லை, மனைவி படித்துச் சொல்வாள், அதில் அந்த வைஸ் எக்ரெட் ஒருவன்தான் விஷயம் தெரிந்தவன் என்று இதுவரை நினைத்திருந்தேன் என்றார். ஜனவரியில் அவன் எழுதியபடி தடுப்பாட்டத்தை மாற்றிக்கூடப் பார்த்தேன் என்றார்.

“மாற்றியதும் என்ன ஆனது?” என்று பசீர் அகமதுவின் வாய் தானாகக் கேட்டது.

மூன்று ஆட்டம் தோற்றோம் என்றார் கோச்.

பசீர் அகமதுக்கு அந்த மூன்று ஆட்டங்களும் நன்றாக நினைவிருந்தன. அவற்றுக்குப் பொறுப்பேற்று கோச் விலக வேண்டும் என்று முதலில் எழுதியவர் அவர்தான்.

ரிதா மிஸ் டால்டனின் அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு காகிதம். வாப்பாவைப் பார்த்ததும் அதை இரண்டாக மடித்தாள்.

“எழுதிட்டியாமா?”

“ஐ ரோட் தி டேட். ஐ ரோட் அவர் அட்ரஸ்.” காகிதத்தை இன்னொரு தடவை மடித்தாள். “நேம்ஸ் எழுத முடியல, வாப்பா.”

“நீ எழுத வேணாம். நானே சொல்றேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவரிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் முகத்தில் வந்து நின்றன. கோட்டைப் பார்த்தாள்.

“ஸ்பீச் வேணாம். ப்ளீஸ்.”

ஸ்பீச் இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் பதினோரு நிமிடம் பேசினார்.

ஆனாலும் அதில் உண்மை இருந்தது. தான்தான் வைஸ் எக்ரெட் என்றார். மகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தொழுகையில் பார்த்ததை வைத்துத் தானே ஊகித்தேன் என்றார். வீட்டுக்கு வந்தவனின் பலவீனத்தை, டங்க் டாடி என்ற முகமறியாத ஒருவனிடம் ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக வெளியே போட்டேன் என்றார். இந்த இடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. தயாரித்த மூன்று பகுதிகளில் இது இல்லை. இப்ராஹிமா பொய் சொன்னது எங்கள் வீட்டின் மானத்துக்காக, அவனைத் தண்டிக்கக்கூடாது என்றார். எந்தத் தண்டனையானாலும் தனக்குக் கொடுக்கச் சொன்னார். வேண்டுமானால் தன்னை ஆயுளுக்கும் ஸ்டேடியத்துக்குள் விடவேண்டாம் என்றார்.

ரிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக நாற்காலியைக் கொஞ்சம் வாப்பா பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

மிஸ் டால்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் காலையிலிருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்திருந்தது. இது தான் பயந்த அளவுக்கு இல்லை என்றார். வீட்டுக்கு வந்தவனை ஒரு தகப்பனார் தன் கண்ணால் பார்த்திருக்கிறார், ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை என்றால், ரிதாவின் மேல் தவறு சொல்ல இடமில்லை என்றார். அறிக்கைக்காக ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள் என்று பேனாவை நிறுத்தினார். இந்தக் கணக்குக்கும் உங்கள் மகளுக்கும் எந்தவிதத் தொடர்பும் இல்லை, அப்படித்தானே?

“எந்தத் தொடர்பும் இல்லை,” என்றார் பசீர் அகமது, ஆங்கிலத்தில், நெஞ்சில் கை வைத்து. நான் நோன்பு வைத்திருக்கிறேன், நோன்போடு சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்கு இன்று காலை வரை தெரியாது.

அது உண்மைதான். ரிதா தலையசைத்தாள்.

கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும், உங்கள் போனில் திறந்து காட்ட முடியுமா, விவரங்கள் உள்ள பக்கத்தை நான் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார் மிஸ் டால்டன்.

பசீர் அகமது கடகடவென்று திறந்தார். கணக்கின் விவரப் பக்கத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை அவர் திறந்து பார்த்ததில்லை. பார்க்காமலே போனை நீட்டினார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவர் தோள்கள் இறங்கின.

மிஸ் டால்டன் போனைப் பார்த்தார். விரலால் திரையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார். படம் எடுக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்து, இருவருக்கும் தெரியும்படி திருப்பினார்.

ரிதா அந்தக் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தபோது, அந்த இணையதளத்தில் மாணவர்களுக்குச் சந்தா பாதி விலை என்று போட்டிருந்ததால், அவளுடைய யுனிவர்சிட்டி மின்னஞ்சலைக் கொடுத்து அவர் தொடங்கிய கணக்கு அது.